‘அவர்’ யாரைக் குறிக்கிறது?

வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிற வயதிலும், மாடி ஜன்னலிலிருந்து அம்மா “ஏய் பொடிசு, குடை எடுத்தியாடி?” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவாள். அக்காவைவிடப் பல வயது இளையவள் என்பதால் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். அதைக் கழற்றிப்போட அவள் செய்த முயற்சிகளில் கடைசியானது இந்த வேலை.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் அம்மா, “கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கறா” என்பாள். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். பொடிசு மறுக்கமாட்டாள். முழுப் பொய்யும் இல்லை. அவளுடைய கம்பெனியில் ஒரு மெஷின் இருந்தது. இணையத்தில் கிடக்கிற தமிழ்ப் பக்கங்களை எல்லாம், செய்தி, மரண அறிவிப்பு, கடை விளம்பரம், ஊர்வம்பு என்று எதையும் விடாமல், அது தானாகவே படிக்கும். படித்து, ‘இன்னார் இன்ன தொழில் செய்கிறார்’, ‘இன்னார் இன்னாரின் மகள்’ என்று ஒவ்வொரு விஷயமாகப் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். எடுத்தது சரியா என்று பார்ப்பதற்குத்தான் பொடிசும் இன்னும் சிலரும். திரையின் ஒரு பக்கம் மெஷின் படித்த வரிகள், மறுபக்கம் அது புரிந்துகொண்ட விஷயம். கீழே மூன்று பொத்தான்கள்: சரி, தவறு, தெரியவில்லை. ஆள் பார்த்துச் ‘சரி’ என்று சொன்னதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி விழும். புள்ளி விழுந்ததை மெஷின் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். அதை மாதிரியாக வைத்துத்தான் அடுத்த பக்கங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளும்.

எழுத்துக் கூட்டத் தெரியுமே தவிர, ஜனங்கள் பேசுகிற பேச்சு அதற்குப் பிடிபடாது. ஒரு திருடன் பிடிபட்டு மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான் என்று எவனோ எழுதியிருப்பான். மெஷின் உடனே ‘திருமணமானவர்’ என்று குறித்துக்கொள்ளும். கூட்டாளியின் தலையில் மிளகாய் அரைத்தவரைச் சமையல்காரர் பட்டியலில் சேர்த்துவிடும். பக்கத்து நாற்காலிக்காரன் இதையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுவான். அவனுக்கு ஆபீஸில் நக்கல் என்றே பெயர்.

எல்லாவற்றையும்விட மெஷினை அதிகம் தடுமாற வைத்தது ‘அவர்’ என்ற ஒரு சொல். முதல் வரியில் நாலு பேர் வருவார்கள், அடுத்த வரியில் “அவர் சொன்னார்” என்று இருக்கும். எந்த அவர்? அதற்கென்று தனியாக ஒரு திரை. ‘அவர்’ என்ற சொல்லைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்டு, ‘இது யாரைக் குறிக்கிறது?’ என்று கேட்கும். மெஷினே ஓர் ஆளைக் கைகாட்டும். சரியா தவறா என்று சொன்னால் போதும். “எங்க வீட்ல இந்தப் பிரச்சினையே இல்ல. என் பொண்டாட்டி அவர்னு சொன்னா அது நான் ஒருத்தன்தான். அதுவும் கோவத்துல சொல்றது” என்பான் நக்கல்.

பொடிசுக்கு வேகம் அதிகம். வரியின் மேல் ஒரு பார்வை, பொத்தானில் ஒரு தட்டு. ‘தெரியவில்லை’யை அதிகம் அமுக்குகிறவர்களை டீம் லீடர் கூப்பிட்டு, “என்னம்மா, தூக்கமா?” என்று விசாரிப்பாள். பொடிசை அவள் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. கூட்டம் நடக்கும்போது, “இவளைப் பாருங்க, எப்படித் தட்டித் தள்றா” என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கெல்லாம் பொடிசு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள்.

அக்கா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கழுத்து பிடித்துக்கொண்டவர்கள், முட்டி மடக்க முடியாதவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் எல்லாம் அவள் கைக்கு வருவார்கள். அவளுக்கு ஒரு தடவை கல்யாணமாகி, ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேறொரு குடும்பம் ஏற்கெனவே இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, இவர்கள் மூன்று பேரைத் தவிர. “அன்னிக்கு யாராவது ஒருத்தர் கொஞ்சம் விசாரிச்சிருந்தா” என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பொடிசு அப்போது படித்துக்கொண்டிருந்தவள். விசாரித்திருக்க வேண்டியவள் தான்தான் என்று ஏனோ அவளுக்குத் தோன்றிவிட்டது.

அக்காவிடம் தோள் வலிக்கு வந்தார் ஒருத்தர். கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பழைய எலும்பு முறிவு. சரியாகக் கவனிக்காமல் விட்டதில் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. சுவரில் விரல்களால் ஏணி ஏறுகிற மாதிரி கையை மேலே மேலே கொண்டுபோகச் சொல்லி அக்கா பழக்கினாள். “இன்னிக்கு அந்தக் கண்ணாடிக்காரர் காது வரைக்கும் தூக்கிட்டார்மா” என்று வீட்டில் வந்து சொல்வாள். அப்புறம் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அவர் சுகர் இல்லாமதான் டீ குடிப்பார்” என்றாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பொடிசும் பார்த்தாள். “யாரு?” என்றாள் அம்மா, ஒன்றும் தெரியாதவள் மாதிரி. அக்காவின் முகம் காது வரை சிவந்தது. பல வருஷம் கழித்து அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு சிரிப்பு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். நடு வயது, ஒல்லி, பேச்சு குறைவு. மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன, பிள்ளைகள் இல்லை என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். அம்மா மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கை நீட்டி வாங்கினார். சட்டைப் பையிலிருந்து தீக்குச்சி அளவுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நூலை அறுத்து, திருகாணியை முடுக்கத் தொடங்கினார். அம்மா அந்த நிமிஷமே கவிழ்ந்துவிட்டாள்.

பொடிசு கவிழவில்லை. “உங்க ஒய்ஃபுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

அக்கா முறைத்தாள்.

“ஆக்சிடென்ட்மா” என்றார் அவர்.

“எப்படி?”

திருகாணி விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து தேடி எடுத்தார். “ஸ்கூட்டர்ல போயிட்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன்” என்றார். அதற்கு மேல் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டார்.

அந்த மௌனம் பொடிசை அரித்துக்கொண்டே இருந்தது. எதையோ மறைக்கிறார் என்று நினைத்தாள். மறுநாள் ஆபீஸில், வேலைக்கு நடுவே, மெஷின் சேர்த்து வைத்திருந்த விஷயங்களுக்குள் அவர் பெயரையும் கடைப் பெயரையும் போட்டுத் தேடினாள். உடனே வந்தது. தொழில்: மூக்குக் கண்ணாடி வியாபாரம். மனைவி: மரணம். அதற்குக் கீழே இன்னொன்று. கைது செய்யப்பட்டவர், காரணம், மனைவியின் மரணம். பக்கத்தில் பச்சைப் புள்ளி.

அந்தப் புள்ளிதான் அவளை அடித்துப்போட்டது. மெஷின் மட்டும் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். அது மிளகாய் அரைத்தவனைச் சமையல்காரனாக்குகிற ஜாதி. ஆனால் பச்சைப் புள்ளி என்றால் ஒரு மனுஷன் உட்கார்ந்து படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறான். ஏற்கெனவே புள்ளி விழுந்ததன் மூல வரிகளை எடுத்துப் பார்க்க லீடரிடம் அனுமதி கேட்க வேண்டும், எதற்கென்று சொல்ல வேண்டும். அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். சொல்லும்போது குரலில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. பிற்பாடு அதை நினைத்தால்தான் அவளுக்கு உடம்பு கூசியது. “நான் மட்டும் பாக்கலேன்னா இந்தத் தடவையும் ஏமாந்திருப்போம்” என்று அவள் சொல்லியிருந்தாள்.

“நிச்சயமா தெரியுமா?” என்று அக்கா ஒரு தடவை மட்டும் கேட்டாள்.

“ஆள் பாத்துச் சரி பண்ணினதுதான்க்கா. எங்க ஆபீஸ்ல சும்மா போடமாட்டாங்க.”

அக்கா எழுந்து முகம் கழுவப் போனாள். அடுத்த வாரமே அவருடைய சிகிச்சையை இன்னொரு தெரபிஸ்டுக்கு மாற்றிவிட்டாள். அவர் போன் செய்தார். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாள் காத்துக்கொண்டு நின்றாராம். அக்கா மருந்து அறை வழியாக வெளியே வந்து, அடுத்த கட்டடத்தைச் சுற்றிப் பஸ் பிடித்தாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அம்மாவுக்கு எதையும் சித்தியிடம் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. சித்தி அவர் கடையில்தான் கண்ணாடிக்குக் கொடுத்திருந்தாள். வாங்கப் போனவள், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, “நீங்க பொண்டாட்டியைக் கொன்னுட்டு உள்ள போயிட்டு வந்தவர்னு சொல்றாங்களே, நெசமா?” என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். அங்கிருந்து நேராக இங்கேதான் வந்தாள்.

“என்ன சொன்னார்?” என்றாள் அம்மா.

“என்னத்தைச் சொல்றது? வாயே தொறக்கல. என் கண்ணாடியை டப்பாவுல போட்டு, துணியையும் மடிச்சு வெச்சு நீட்டினார். அதுலயே தெரியலையா?”

எல்லோரும் பொடிசைப் பார்த்தார்கள், நல்லவேளை நீ கண்டுபிடித்தாய் என்பதுபோல. அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அக்கா மட்டும் அந்த அறையில் இல்லை.

சில மாதங்கள் போயின. ஒரு நாள் லீடர் எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டாள். மெஷினிடம் விஷயம் வாங்குகிற ஒரு கம்பெனி சண்டைக்கு வந்துவிட்டதாம். மனைவி நோயில் இறந்துபோன ஒரு தலைமையாசிரியரை, மனைவி சாவுக்காகக் கைதானவர் என்று மெஷின் சொல்லியிருக்கிறது. தோண்டிப் பார்த்தால் அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. செய்தியில் ஒரு சாவும் பக்கத்திலேயே ஒரு கைதும் வந்தால், செத்தவரின் புருஷனையோ மகனையோ பிடித்து உள்ளே தள்ளிவிடுவதை மெஷின் ஒரு பழக்கமாகவே கற்றுக்கொண்டிருந்தது.

“இதை எங்க கத்துக்கிச்சுன்னு பின்னாலயே போய்ப் பாத்தோம். நாம பச்சைப் புள்ளி போட்ட ஒரு மாதிரியிலேர்ந்துதான் ஆரம்பிச்சிருக்கு” என்று சொல்லி, லீடர் அதைப் பெரிய திரையில் போட்டாள்.

பொடிசு சும்மாதான் படித்தாள். ‘காயமடைந்த கணவர் கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்தி வருகிறார். மரணத்துக்குக் காரணமாக இருந்ததாக அவர் கைது செய்யப்பட்டார்.’ அவர் என்பதைச் சுற்றி மஞ்சள் கட்டம். குறிப்பது: கணவர். சரி.

“இது நம்ம திரையில தெரிஞ்ச பாகம். ‘முழுதும் காட்டு’ன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கியிருந்தா இது வந்திருக்கும்” என்றாள் லீடர்.

மேலே இன்னும் இரண்டு வரிகள் விரிந்தன. ‘ஸ்கூட்டர் மீது மோதிய லாரியின் ஓட்டுநர் தப்பியோட முயன்றபோது பொதுமக்கள் பிடித்தனர். ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்திருந்த பெண் அதே இடத்தில் இறந்தார்.’ கீழேயும் ஒரு வரி. ‘கைதான லாரி ஓட்டுநர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்.’

“எழுதினவனும் லட்சணமாத்தான் எழுதியிருக்கான். ஆனா நாம மனுஷங்க இல்லையா? நம்மளை உக்கார வெச்சிருக்கறதே அதுக்குத்தானே?” என்றாள் லீடர்.

திரையின் மூலையில், சின்ன எழுத்தில், பொத்தானை அமுக்கியவரின் எண் இருந்தது. அந்த எண் பொடிசின் கழுத்தில் அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அட்டையைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

“எந்தப் புண்ணியவானோ, லாரிக்காரனை விட்டுட்டுப் புருஷனை உள்ள தள்ளிட்டான்” என்றான் நக்கல். அறை முழுக்கச் சிரித்தது. பொடிசும் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் தனியாகத் தன் காதிலேயே விழுந்தது.

எப்போது அமுக்கினாள் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. அவர் வீட்டுக்கு வருவதற்கு வெகு முன்னால் இருக்கும். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட பொழுதோ. ஒரு பார்வை, ஒரு தட்டு. அப்படி ஆயிரக்கணக்கில் தட்டியிருக்கிறாள். தான் தட்டியதைத் தானே பார்த்து, யாரோ ஒரு பொறுப்பான மனுஷன் சொல்லியிருக்கிறான் என்று நம்பியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அக்கா மறுநாள் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பொடிசு கதவோரமாக நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். லாரி, ஓட்டுநர், மஞ்சள் கட்டம், தன் எண். சிரித்ததையும் சொன்னாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்த இடம் அது.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் கத்துவாள் என்று பொடிசு எதிர்பார்த்தாள். அக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தத் தோளை வாரா வாரம் பிடிச்சுப் பாத்தவ நான்” என்றாள் கடைசியில். “எலும்பு எந்தப் பக்கத்துலேர்ந்து அடி வாங்கியிருக்குன்னு எனக்குத் தெரியும். பின்னாலேர்ந்து வந்து மோதியிருக்கு. அவரே சொன்னார், லாரின்னு. எல்லாம் தெரிஞ்சும், நீ வந்து சொன்னதும் நம்பிட்டேன்.”

“நான் அவ்ளோ உறுதியாச் சொன்னேன்க்கா.”

“நீ சொன்னே, சரி. எனக்கு என்ன ஆச்சு? இவனும் அப்படித்தான் இருப்பான்னு உள்ளுக்குள்ள காத்துக்கிட்டே இருந்திருக்கேன் போல.” அக்கா பிளக்கைப் பிடுங்கினாள். பாதி இஸ்திரி போட்ட சட்டையை அப்படியே மாட்டிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் பொடிசு லீடரிடம் போய், அது தன் எண் என்றாள். லீடர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெரியும். எல்லார் முன்னாடியும் பேர் சொல்ல வேணாம்னு விட்டேன். போய் வேலையைப் பாரு.”

“அந்த ஆளை எனக்குத் தெரியும் மேடம்.”

அப்போதுதான் லீடர் நாற்காலியைத் திருப்பினாள். முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளும் கொஞ்ச நேரம் மேஜையையே பார்த்தாள். ‘தெரியவில்லை’ அமுக்கியவர்களையெல்லாம் கூப்பிட்டு விசாரித்தவள் அவள்தானே. “நம்மகிட்ட இருந்ததை எடுத்தாச்சு” என்றாள். “ஆனா வாங்கினவங்ககிட்ட போனது போனதுதான். எடுக்கச் சொல்லி எழுதறேன். அவங்க யாருக்குக் குடுத்தாங்களோ, அது நம்ம கையில இல்லம்மா.”

பொடிசு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போனாள். கூட வரச் சொல்லி அக்காவைக் கேட்டிருந்தாள். “நீ பண்ணினதை நீ போய்ச் சொல்லு. நான் பண்ணினதுக்கு நான் தனியாப் போறேன்” என்று அக்கா சொல்லிவிட்டாள்.

கண்ணாடிக் கடையில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. சுவரெல்லாம் ஃப்ரேம்கள், ஃப்ரேம்களுக்கு நடுவே நீள நீளமாக முகம் பார்க்கும் கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முகமே அவளைப் பார்த்தது. அவர் பஸ் ஓட்டுகிற ஒரு அம்மாளுக்குக் கண்ணாடி மாட்டி, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொடிசைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. “உக்காருங்க, வந்துடறேன்” என்று மட்டும் சொன்னார்.

டிரைவர் அம்மாள் போனதும் பொடிசு எழுந்து நின்றுகொண்டாள். உட்கார்ந்து சொல்கிற விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை. மெஷினைப் பற்றி எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் தொடங்கினாள். அவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டார். “அந்த வரியைக் காட்டுங்க” என்றார். போனில் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினாள். தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார்.

“இதுல தப்பா என்ன இருக்கு? லாரிக்காரனைத்தானே சொல்றான்” என்றார்.

அவருக்கு அந்த ‘அவர்’ யாரென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

“உங்களை நான்தான் தப்பா...” என்று ஆரம்பித்தாள்.

“உங்க சித்தி வந்து கேட்டாங்க” என்றார் அவர், மெதுவாக. “கடை நிறைய ஆள். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லலேன்னு எனக்கே அப்புறம் புரியல.” போனைத் துடைத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். யாருடைய எதைக் கையில் வாங்கினாலும் துடைத்துக் கொடுப்பது அவருக்குத் தொழில் பழக்கம். “அன்னிக்கு அவ உள்தெரு வழியாப் போகலாம்னு சொன்னா. நான்தான் சீக்கிரமாப் போயிடலாம்னு மெயின் ரோட்ல திருப்பினேன். அவங்க அம்மா ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க, நீதான்யா எம்பொண்ணைக் கொன்னேன்னு. இத்தனை வருஷம் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கறவன்கிட்ட வந்து, நீ கொன்னியான்னு கேட்டா என்ன சொல்றது? இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னுதான் எனக்குத் தோணுச்சு.”

பொடிசு முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைகளோடு கண்ணாடிகளிலெல்லாம் தான் நிற்பது அவளுக்கே தெரிந்தது. தான் பரப்பியது ஒரு பொய், அதைத் திருத்தினால் போதும் என்ற நினைப்பில்தான் அவள் வந்திருந்தாள். அந்தப் பொய் போய் அந்த மனுஷனுக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தாள்.

“இன்னும் அந்த மெஷின்ல இருக்கா?” என்று கேட்டார்.

“எங்ககிட்ட எடுத்துட்டோம்.”

“மத்த எடத்துல?”

பொய் சொல்ல வாய் வரை வந்தது. “தெரியலை” என்றாள்.

அவர் தலையாட்டினார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வேறொரு ஆள் கடைக்குள் வந்தார். “வாங்க” என்று அவரிடம் திரும்பிவிட்டார்.

அடுத்து பொடிசு அம்மாவை அழைத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி கதவைத் திறந்த சந்தோஷத்திலேயே, “என்னடி, அந்தக் கொலைகாரன் கதை மேல ஏதாவது கெடைச்சுதா?” என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பொடிசு நடந்ததைச் சொன்னாள்.

“அன்னிக்கு ஆமாங்கறே, இன்னிக்கு இல்லைங்கறே. நான் இப்ப எத்தனை பேர்கிட்ட போய் இல்லைன்னு சொல்வேன்?” என்றாள் சித்தி. கோபமாகத்தான் ஆரம்பித்தாள். நடுவில் அவள் கை தானாக மூக்குக்குப் போய், போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றியது. அதை மடியில் வைத்துக்கொண்டு, “துணியைக்கூட மடிச்சுக் குடுத்தாரே” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அக்கா போவதற்குச் சில நாள் பிடித்தது. ஒரு விடுமுறை நாளில், எங்கே போகிறேன் என்று சொல்லாமல், நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டினாள். பிறகு அதை அவிழ்த்துவிட்டு, தினமும் கட்டுகிற ஒன்றையே கட்டிக்கொண்டு கிளம்பினாள். பொழுது போகாமல் அம்மா வீட்டிலிருந்த துணியையெல்லாம் துவைத்துப் போட்டாள். மத்தியானத்துக்கு மேல் அக்கா திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றியவள், தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

“ரொம்ப நல்லாத்தான் பேசினார். டீ வாங்கிக் குடுத்தார்” என்றாள்.

“அப்புறம்?” என்றாள் அம்மா.

“வேணாம்னு சொல்லிட்டார்மா.”

அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

“கோவம்லாம் இல்ல. ‘நான் உங்க வீட்டுக்கு வந்தா, ஒவ்வொரு தடவையும் நீங்க மூணு பேரும் என் மூஞ்சியைப் பாக்க முடியாம கூனிக் குறுகுவீங்க. உங்க சித்தி ஓடி ஒளிவாங்க. என்னைப் பாத்து வெக்கப்படறவங்களுக்கு நடுவுல நான் எப்படிங்க உக்காந்து சாப்பிடறது?’ன்னு கேட்டார்.” அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அக்கா மொட்டை மாடிக்கு ஏறினாள். பொடிசும் பின்னாலேயே போனாள். கொடி நிறையத் துணி காய்ந்திருந்தது. அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே போனாள்.

“என்னைத் திட்டுக்கா” என்றாள் பொடிசு. “வாயில வந்ததைச் சொல்லித் திட்டு. ரெண்டு அடிகூட அடி.”

“திட்டினா உனக்கு ஆறிடும்டி” என்றாள் அக்கா. “அப்புறம் நான் என்ன பண்றது?”

பொடிசு அழுதாள். அக்கா அவளைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு, மிச்சத் துணியையும் எடுத்து முடித்தாள். கடைசியாகப் பெரிய படுக்கை விரிப்பு இருந்தது. தனியாக மடிக்க முடியாதது. அக்கா அதன் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தங்கை பக்கம் நீட்டினாள். பொடிசு முகத்தைத் தோளில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். இருவரும் உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். முனையைக் கைமாற்றும்போது விரல்கள் தொட்டன. அக்கா விரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொடிசும் அதையேதான் பார்த்தாள்.